பழைய பார் பேண்ட் கேசட்டுகளில் என் ஸ்டீல் கிட்டார் சுருதி விலகி ஒலிக்கிறது: மீண்டும் வாசித்துச் சேர்க்கலாமா?

கேள்வி: பத்துத்தந்தி (டெக்சஸ்)

அனைவருக்கும் வணக்கம். நான் 1986இல் மேற்படிப்புக்காக டெக்சஸ் வந்து இங்கேயே தங்கிவிட்டவன். பள்ளி நாட்களில் ஹவாயன் கிட்டாரை மடியில் கிடத்தி வாசிக்கப் பழகியிருந்ததால், இங்குள்ள கன்ட்ரி இசையில் ஒலிக்கும் பெடல் ஸ்டீல் கிட்டார் வந்த புதிதிலேயே என்னைப் பிடித்துக்கொண்டது. 1989 முதல் 1996 வரை, ஆஸ்டினுக்கும் சான் அன்டோனியோவுக்கும் இடைப்பட்ட சிற்றூர்களில் வெள்ளி, சனி இரவுகளில் வாசித்துவந்த ஐவர் பேண்ட் ஒன்றில் ஸ்டீல் என் பொறுப்பாக இருந்தது. 1964 முதல் ஆஸ்டினில் இயங்கிவரும் புரோக்கன் ஸ்போக் போன்ற பெயர்பெற்ற நடனக்கூடங்களில் அல்ல. நெடுஞ்சாலை ஓரத்தில், பில்லியர்ட்ஸ் மேசையை ஒரு பக்கமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தை மேடை என்று சொல்லிக்கொள்ளும் பார்களில்தான். இரவு ஒன்பது மணிக்குத் தொடங்கினால் ஒரு மணி வரை நான்கு செட். முக்கால் மணி நேரம் வாசிப்பு, கால் மணி நேரம் ஓய்வு. வந்தவர்கள் பாட்டுக் கேட்க வந்தவர்கள் அல்லர், டூ-ஸ்டெப்பும் வால்ட்ஸும் ஆட வந்தவர்கள். தாளம் தடுமாறினால் அவர்களுடைய கால்கள் உடனே காட்டிக்கொடுத்துவிடும். சுருதி தடுமாறினால் எவரும் கவனிக்க மாட்டார்கள். அந்தத் துணிச்சலில்தான் ஏழு ஆண்டுகளை ஓட்டியிருக்கிறேன் என்று இப்போது தோன்றுகிறது.

எங்கள் டிரம்மரின் கராஜில், ஒரு பூட்ஸ் பெட்டிக்குள், அந்நாளைய கேசட்டுகள் 23 கிடைத்தன. மீதமிருக்கும் நால்வரும் சென்ற மாதம் அங்கேயே கூடிக் கேட்டோம். எங்கள் பாடகர் ஆறு ஆண்டுகளுக்கு முன் காலமாகிவிட்டார். ரிதம் கிட்டார் வாசித்தவரும் அவரே. கேசட்டுகளில் 17, மேடை மிக்சரிலிருந்து நேராக எடுத்தவை. அவற்றில் பாடகரின் குரல் காதோடு பேசுவது போல் இருக்கிறது, பிடில் இருக்கிறது, என் ஸ்டீல் மட்டும் பக்கத்து வீட்டில் வாசிப்பது போல் ஒலிக்கிறது. ஐந்து கேசட்டுகள், டிரம்மரின் மனைவி ஒரு மேசை மீது சிறிய ரெக்கார்டரை வைத்து எடுத்தவை. அவற்றில் எல்லாமே இருக்கின்றன, கோப்பைகள் மோதுவது உட்பட.

எஞ்சிய ஒன்றுதான் சிக்கலானது. 1993இல் டிரம்மர் வீட்டுச் சமையலறையில் நான்கு தடக் கேசட் கருவி ஒன்றை வைத்து, பாடகரே எழுதிய ஆறு பாடல்களைப் பதிவு செய்தோம். அதைச் சாதாரண டெக்கில் போட்டபோது ஒரு பக்கத்தில் டிரம்மும் பாஸும் கிட்டாரும் பாதி வேகத்தில் உறுமின. மறுபக்கத்தில் பாடகரின் குரலும் என் ஸ்டீலும் பின்னோக்கி ஓடின. நாடா கெட்டுப்போய்விட்டது என்றே நினைத்தோம். பிறகு தெரிந்தவர் ஒருவரிடம் நான்கு தடக் கருவியை இரவல் வாங்கிக் கேட்டபோதுதான் பாடல்கள் பாடல்களாக வந்தன.

வந்ததும் எனக்குத் தலைகுனிவாகப் போயிற்று. அவற்றுள் ஒரு வால்ட்ஸில், மூன்றாம் சரணத்துக்கு முன் நான் வாசிக்கும் இரண்டு வரிகள் பேண்டின் சுருதிக்கு மேலே ஏறி நிற்கின்றன. கொஞ்சநஞ்சம் அல்ல, பிடில்காரர் என்னைப் பார்க்காமல் தரையைப் பார்க்கும் அளவுக்கு. விந்தை என்னவென்றால் அதே பாடலில் வேறு இடங்களில் வாசிப்பு ஒழுங்காகவே இருக்கிறது.

ஆகவே என் கேள்விகள்: இந்த நாடாக்களைக் கணினிக்கு மாற்றும்போது எதில் கவனமாக இருக்க வேண்டும்? சுருதிப் பிசகு என்னுடையதா, நாடாவினுடையதா? என்னுடையது என்றால், அதே பழைய ஸ்டீல் இன்றும் என்னிடம் இருப்பதால், அந்தப் பகுதிகளை இப்போது மீண்டும் வாசித்துப் பழையதன் இடத்தில் வைப்பது முறையா? நால்வரில் இருவர் 'செய்' என்கிறார்கள், ஒருவர் கூடாது என்கிறார், நான் முடிவு செய்யாமல் இருக்கிறேன்.


பதில்: நாடாப்பெட்டி (டொராண்டோ)

வணக்கம் ஐயா. பழைய ஒலிநாடாக்களைக் கணினிக்கு மாற்றும் வேலையில் இருப்பவன் என்ற முறையில் முதல் கேள்விக்கும், இரண்டாவதன் பாதிக்கும் பதில் சொல்ல முடியும்.

முதலில், டெக்சஸ் கராஜ் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்கு வியர்த்தது. கோடை வெப்பத்தில் பல ஆண்டுகள் கிடந்த கேசட்டில் காந்தப் பூச்சை விட முதலில் கைவிடுவது மற்ற உறுப்புகள்தான்: நாடாவை ஹெட்டின் (டெக்கில் நாடாவின் ஒலியைப் படிக்கும் முனையின்) மீது அழுத்தும் சிறு பஞ்சுத் திண்டு ஒட்டு விட்டு விழுந்துவிடும், நாடாவின் நுனி சக்கரத்திலிருந்து கழன்றுவிடும். ஆகவே இனி எந்தக் கேசட்டையும் போட்டுப் பார்ப்பதற்கு முன் அந்தத் திண்டு இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், ஐந்து திருகுகளால் மூடப்பட்ட நல்ல கூடு ஒன்றைத் திறந்து, நாடாவை அதற்குள் மாற்றிவிடலாம். பொறுமை இருந்தால் கால் மணி நேர வேலை. சி-90 (மொத்தம் 90 நிமிட) நாடாவின் கனம் ஏறத்தாழ 12 மைக்ரான்தான், சி-60 அதைவிடத் தடித்தது, சி-120 அதைவிட மெல்லியது. மெல்லிய நாடாவை அதிவேகமாக முன்னும் பின்னும் ஓட்ட வேண்டாம். இணையத்தில் யாராவது நாடாவை அடுப்பில் வைத்து இளஞ்சூட்டில் வாட்டச் சொன்னால் கேட்காதீர்கள். அந்த மருத்துவம் எழுபது, எண்பதுகளின் சில பெரிய சுருள் நாடாக்களில் பசை பிசுபிசுப்பதற்கானது, உங்கள் கேசட்டுகளுக்கு உரியது அன்று.

அடுத்தது ஹெட்டின் சாய்வு. பதிவு செய்த டெக்கின் ஹெட்டும் நீங்கள் ஓட்டும் டெக்கின் ஹெட்டும் ஒரே கோணத்தில் நிற்காவிட்டால் மேல் அலைவரிசைகள் மங்கிவிடும். ஸ்டீலின் மினுக்கே அங்குதான் இருக்கிறது. இரண்டு தடங்களையும் ஒன்றாகக் கலந்து ஒற்றை ஒலியாகக் கேட்டபடி, ஹெட்டின் பக்கத்துச் சிறு திருகை மிக மெதுவாகத் திருப்புங்கள். ஓர் இடத்தில் ஜன்னலைத் திறந்தது போலச் சிம்பலின் ஒலி தெளியும், அங்கே நிறுத்துங்கள். ஒவ்வொரு கேசட்டுக்கும் இதைத் தனித்தனியே செய்ய வேண்டும். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் வேவ் கோப்பாகச் சேமியுங்கள். இரைச்சல் நீக்கம், அழகுபடுத்தல் எதையும் அந்த மூலக் கோப்பில் செய்யாமல், நகலில் மட்டும் செய்யுங்கள்.

நான்கு தடக் கேசட்டு பின்னோக்கி ஓடியதற்குக் காரணம் எளிது. சாதாரணக் கேசட்டில் முதல் பக்கத்துக்கு இரண்டு தடங்கள், திருப்பிப் போட்டால் இரண்டு தடங்கள். 1979இல் டீயாக் நிறுவனம் கொண்டுவந்த போர்ட்டாஸ்டூடியோவும் அதன் வழிவந்தவையும் அந்த நான்கையும் ஒரே திசையில் பயன்படுத்தின, பெரும்பாலும் விநாடிக்கு 4.76 செ.மீ. என்ற வழக்கமான வேகத்துக்கு இருமடங்கில். இரவல் வாங்கிய கருவியில் டிபிஎக்ஸ் என்ற இரைச்சல் குறைப்பு இருக்கிறதா, உங்கள் பழைய கருவியில் இருந்ததா என்று சரிபாருங்கள். அது போட்டுப் பதிந்ததை அது இல்லாமல் ஓட்டினால் எல்லாம் நசுங்கி, சீறி ஒலிக்கும்.

இனிச் சுருதி. நாடா வேகமாக ஓடினால் எல்லாருடைய சுருதியும் சேர்ந்தே ஏறும். உங்களுடையது மட்டும் ஏறாது. ஆகவே நேரடி இரவுப் பதிவுகளில் நீங்கள் மட்டும் விலகியிருந்தால் பழியை நாடா மீது போட வழியில்லை. ஆனால் நான்கு தடப் பதிவு வேறு. அதில் தடங்கள் வெவ்வேறு நேரங்களில் பதிந்தவை, அந்தக் கருவிகளில் நாடாவின் வேகத்தைச் சற்றே கூட்டிக் குறைக்கும் குமிழ் ஒன்று உண்டு. அதைச் சோதிக்க ஒரு வழி இருக்கிறது: அமெரிக்க மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், கிட்டார் ஆம்ப்கள் எல்லாம் அந்த உறுமலைக் கொஞ்சமாவது பதிவில் விட்டுவைக்கும். நான்கு தடங்களையும் தனித்தனிக் கோப்பாக மாற்றி, வாசிப்புக்கு முந்தைய அமைதியில் ஒவ்வொன்றிலும் அந்த உறுமல் எந்த அலைவரிசையில் நிற்கிறது என்று அலைவரிசை வரைபடத்தில் பாருங்கள். ஆடாசிட்டி என்ற மென்பொருள் போதும், காசு வேண்டாம். 60ஆக இருக்க வேண்டும் என்பதில்லை, ஓட்டும் கருவியே சற்று முன்பின்னாக இருக்கலாம். நான்கும் ஒன்றாக இருக்கின்றனவா என்பதே கேள்வி.


பதில்: வால்யூம்பெடல் (நாஷ்வில்)

ஐயா, உங்களைப் போலவே வேலை ஒரு பக்கம், ஸ்டீல் ஒரு பக்கம் என்று வாழ்பவன் நான். நாடாவைப் பற்றிச் சொல்ல வேண்டியதை மேலே நண்பர் சொல்லிவிட்டார். இந்த வாத்தியத்தை அறியாதவர்களும் இங்கே படிக்கிறார்கள் என்பதால் சற்று விரித்து எழுதுகிறேன்.

பெடல் ஸ்டீலின் வழக்கமான ஈ-நைன்த் அமைப்பில் பத்துத் தந்திகள். இடக்கையில் உருளையான இரும்புத் தண்டு, வலக்கையில் கட்டைவிரலுக்கும் இரண்டு விரல்களுக்கும் பிக், இடக்காலுக்கு மூன்று பெடல்கள், முழங்கால்களுக்கு லிவர்கள், வலக்காலுக்கு வால்யூம் பெடல். முதல் பெடலை மிதித்தால் பி தந்திகள் சி-ஷார்ப்புக்கு ஏறும், இரண்டாவதை மிதித்தால் ஜி-ஷார்ப் தந்திகள் ஏ-வுக்கு ஏறும். இரண்டையும் சேர்த்து மிதித்தால் தண்டை நகர்த்தாமலேயே ஈ மேஜர் ஏ மேஜராக மாறிவிடும். ஒரு தந்தி அப்படியே நிற்க, மற்றொன்று அதன் கண்ணெதிரே வளைந்து ஏறும் அந்த ஒலியை 1954இல் கன்ட்ரி பாடகர் வெப் பியர்ஸின் இசைத்தட்டில் பட் ஐசக்ஸ் வாசித்துக் காட்டிய பிறகு, ஊரில் உள்ள ஸ்டீல்காரர்கள் எல்லாம் தங்கள் வாத்தியத்துக்குப் பெடல் பூட்ட ஓடினார்கள்.

இதில் சுருதி என்பது ஒரு எண் அல்ல, பேரம். ஈ மேஜரில் ஜி-ஷார்ப் மூன்றாம் சுரம். அதை மின் ட்யூனர் காட்டும் இடத்தில் வைத்தால் எங்கள் காதுக்குத் துடிக்கும், ஆகவே ஏறத்தாழ 14 சென்ட் இறக்கி வைப்போம் (அரைச்சுரத்தை நூறாக வகுத்தால் ஒரு பங்கு ஒரு சென்ட்). பக்கத்தில் நிற்கும் ரிதம் கிட்டாருக்கோ சுர இடங்களைக் கட்டிப்போடும் ஃபிரெட் கம்பி, அது இறங்காது. இரண்டும் ஒரே சுரத்தை ஒலிக்கும்போது யாரோ ஒருவர் பிசகியது போல் இருக்கும், ஆனால் இருவரும் சரியாகவே இருப்பார்கள். போதாததற்கு, பெடலை மிதிக்கும்போது கூடுதல் இழுவிசையால் வாத்தியத்தின் உடலே நூலளவு வளைந்து, மிதிக்காத தந்திகள் சில சென்ட் இறங்கும். இவை எல்லாம் சேர்ந்தாலும் நீங்கள் சொல்வது போல் பிடில்காரர் தரையைப் பார்க்கும் அளவுக்கு வராது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

நேரடி இரவுகளில் வேறொன்று உண்டு. தன் ஒலி தனக்குக் கேட்காத இடத்தில் ஸ்டீல்காரன் கை தானாகவே மேலே ஏறும். சற்று ஏறி நின்றால் கூட்டத்தில் தன் குரல் தனியாகக் கேட்கும் என்ற ஆசை. எனக்கு இருந்தது, பலருக்கு இருந்ததைப் பார்த்திருக்கிறேன். தண்டை ஃபிரெட் கோட்டுக்கு நேர் மேலிருந்து பார்க்காமல் பக்கவாட்டில் பார்த்தால் கண்ணும் ஏமாற்றும்.

மிக்சர் கேசட்டுகளில் உங்கள் ஸ்டீல் பக்கத்து வீட்டில் ஒலிப்பதற்குக் காரணம் உங்களுக்கே தெரிந்திருக்கும், இருந்தாலும் சொல்கிறேன். சிறு பாரில் ஸ்டீல் ஆம்ப்புக்கு யார் மைக் வைத்தார்கள்? பதினைந்து அங்குல ஸ்பீக்கர் போட்ட பீவி ஆம்ப் ஒன்று அந்த அறைக்குத் தாராளம். மிக்சருக்குள் போனது குரலும் பிடிலும் கிக் டிரம்மும் மட்டுமே; உங்கள் ஸ்டீல் பாடகரின் மைக் வழியாகக் கசிந்து உள்ளே போயிருக்கிறது. ஆகவே அந்தப் 17 கேசட்டுகளில் மாற்றி வைக்கும் பேச்சுக்கே இடமில்லை. புதிதாக வாசித்துச் சேர்த்தால், பழைய ஸ்டீல் குரலுக்குப் பின்னால் ஆவி போல நின்றுகொண்டே இருக்கும். டெமக்ஸ் போன்ற பிரிப்பு மென்பொருளில் நானும் முயன்றிருக்கிறேன்: குரல், டிரம், பாஸ், பிற என்று நான்காகப் பிரிக்கும் அது, என் ஸ்டீலின் நீண்ட இழுப்புகளை எடுத்துக் குரல் கணக்கில் எழுதிவிட்டது. அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

சமையலறைப் பதிவில் ஸ்டீலுக்குத் தனித் தடம் இருக்கிறது. அங்கே மாற்றலாம் என்பது என் கட்சி. இந்த ஊர் ஸ்டூடியோக்களில் திருத்தி வாசிப்பது பாவமாக ஒருபோதும் எண்ணப்பட்டதில்லை. சம்பளம் வாங்கியவர்கள் மறுநாள் வந்து மறுபடி வாசித்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நீங்கள் முப்பது ஆண்டு தாமதமாக வருகிறீர்கள், அவ்வளவே. ஒரு வேண்டுகோள்: இப்போது கைவசம் இருக்கும் வித்தையை எல்லாம் அங்கே இறக்கிவிடாதீர்கள். பாடகர் வாய் மூடியிருக்கும் இடத்தில் மட்டும் பேசுங்கள். 1964இல் பக் ஓவன்ஸின் 'டுகெதர் அகெய்ன்' பாடலில் டாம் பிரம்லி வாசித்த தனிப்பகுதியை இன்னொரு முறை கேட்டுவிட்டு உட்காருங்கள். எத்தனை சுரங்களை அவர் வாசிக்காமல் விட்டார் என்பதைக் கேட்பதற்காக.


பதில்: சித்ரவீணை மாணவி (சென்னை)

வணக்கம் ஐயா. கன்ட்ரி இசை எனக்கு அதிகம் பழக்கமில்லை. ஆனால் ஃபிரெட்டோ மெட்டோ இல்லாமல் தந்தியின் மீது கட்டையை நகர்த்திச் சுரத்தைத் தேடும் பாடு பழக்கம் உண்டு. சுரத்துக்குக் கீழிருந்து வழுக்கி ஏறுவதும், சேர்ந்த பிறகு அசைவதும் எங்களுக்கும் பிழையில்லை, உங்களுக்கும் பிழையில்லை என்று நினைக்கிறேன். சேர வேண்டிய இடத்தைத் தாண்டிப் போய் அங்கேயே உட்கார்ந்துவிடுவதுதான் பிழை.

நீங்கள் எழுதியதில் ஒன்று என்னைத் தடுத்தது. ஒரே பாடலில், ஒரே நாளில், ஒரே கையால் வாசித்ததில் சில வரிகள் மட்டும் ஏறியும் மற்றவை சரியாகவும் இருக்கின்றன என்கிறீர்கள். கட்டையை வைத்து வாசிப்பவர் தம்மை அறியாமலேயே காதால் கேட்டுக் கையைத் திருத்திக்கொண்டே இருப்பார். திருத்த முடியாதவை வெறுந்தந்தியில் வரும் சுரங்கள் மட்டுமே. அந்த இரண்டு வரிகளில் தண்டு தந்தி மீது இருந்ததா, இல்லையா?


பத்துத்தந்தி

பதில் எழுதிய மூவருக்கும் நன்றி. இரண்டு வாரம் ஆகிவிட்டது, ஏனெனில் நாடாப்பெட்டி சொன்னபடி ஒவ்வொன்றாகச் செய்தேன். அந்தக் கேசட்டின் பஞ்சுத் திண்டு உண்மையிலேயே ஒரு முனையில் தொங்கிக்கொண்டிருந்தது. கூட்டை மாற்றினேன். டிபிஎக்ஸ் இரண்டு கருவியிலும் இருந்தது, நல்லவேளை.

முதலில் சென்னைத் தங்கையின் கேள்வி. பாடல் ஈ சுருதியில் இருக்கிறது. ஸ்டீலின் வெறுந்தந்திகளும் ஈ. அந்த இரண்டு வரிகளும், இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் கை மறக்காத வெறுந்தந்தி வரிகள். தண்டைத் தூக்கிவிட்டுப் பெடலால் மட்டுமே வளைத்தவை. பாடலில் நான் பிசகும் இடங்கள் அனைத்தையும் ஒரு தாளில் குறித்துக்கொண்டு மீண்டும் கேட்டேன். ஒன்றுகூடத் தவறாமல் எல்லாம் வெறுந்தந்தி இடங்கள். தண்டு விழுந்த மறுகணம் சுருதி சேர்ந்துவிடுகிறது.

பிறகு உறுமல். முதல் தடம் டிரம்மும் பாஸும், இரண்டாவது ரிதம் கிட்டார், மூன்றாவது குரல், நான்காவது ஸ்டீல். முதல் இரண்டு தடங்களில் கோடு 59.6 ஹெர்ட்ஸில் நிற்கிறது. ஸ்டீல் தடத்தில் அது 60.8. என் ஸ்டீலில் தந்தியின் அதிர்வை மின்னொலியாக்கும் பிக்கப் ஒற்றைச் சுருள் வகை என்பதால் உறுமலுக்குக் குறைவில்லை, வரைபடத்தில் சுவர் போல எழுந்து நிற்கிறது. குரல் தடத்தில் மங்கலாக, சமையலறைக் குளிர்பெட்டியின் புண்ணியத்தில் இருக்கலாம், ஆனால் அதுவும் 60.8. கணக்குப் போட்டால் இரண்டு சதவீதம், ஏறத்தாழ 34 சென்ட். அதாவது குரலும் ஸ்டீலும் பதிவானபோது நாடா இரண்டு சதவீதம் மெதுவாக ஓடியிருக்கிறது. பின்னணி எனக்கு 34 சென்ட் இறங்கிக் கேட்டிருக்கிறது. தண்டு வைத்த இடங்களில் என் கை இறங்கிப்போய்ச் சேர்ந்துகொண்டது, ட்யூனரால் கூட்டிய வெறுந்தந்திகள் இருந்த இடத்திலேயே இருந்துவிட்டன.

இதை எடுத்துக்கொண்டு டிரம்மர் வீட்டுக்குப் போனேன். அவர் நெடுநேரம் ஒன்றும் சொல்லவில்லை. பிறகு எழுந்து, குளிர்பெட்டி இருந்த இடத்தைக் காட்டி, அன்று மாலை நான் வேலை முடிந்து வருவதற்கு முன்னால் பாடகர் அங்கே நின்று அந்த வால்ட்ஸை எட்டு ஒன்பது முறை பாடிப் பார்த்தார் என்றார். கடைசிச் சரணத்தின் உச்சிச் சுரம் அவருக்கு எட்டவில்லை. அந்த வாரம் தொண்டை கட்டியிருந்தது. பாடலின் சுருதியை மாற்றலாம் என்றால் பின்னணி ஏற்கெனவே பதிந்துவிட்டது. குமிழைக் கொஞ்சம் இறக்கிவிடு, யாரிடமும் சொல்லாதே என்று டிரம்மரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறார். இவரும் இறக்கினார், அவர் பாடி முடித்தார், நான் வந்து ஸ்டீலை விரித்தேன், குமிழைத் திருப்பி வைக்க இருவரும் மறந்துவிட்டார்கள். யாரிடமும் சொல்லவும் இல்லை.

பாடகருடைய மகளிடம் இன்னும் பேசவில்லை. பேசுவதற்கு முன் உரிமை தொடர்பாக ஏதேனும் தெரிந்துகொள்ள வேண்டுமா?


பதில்: பழையபட்டயம் (நியூ ஜெர்சி)

வணக்கம். ஓய்வுபெற்ற வழக்குரைஞன். இது பொதுவான விளக்கம்; உங்கள் ஊரில் ஒருவரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

பாடல் வேறு, பதிவு வேறு என்று பிரித்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். பாடகர் தாமே எழுதிய ஆறு பாடல்களின் பதிப்புரிமை அவர் இறந்து 70 ஆண்டுகள் வரை நீடிக்கும். உயில் இருந்தால் அதன்படி போகும், இல்லையென்றால் பெரும்பாலும் குடும்பத்தினரிடம் வரும். பதிவைப் பொறுத்தவரை, எழுத்து மூலம் எதுவும் இல்லாத பேண்டில் எல்லாருக்கும் பங்கு இருக்கிறது என்று வாதிட இடமுண்டு. ஆகவே மற்ற மூவரின் சம்மதத்தையும் மகளின் சம்மதத்தையும் ஒரு பக்கத் தாளிலாவது எழுதி வாங்கிவிடுங்கள். நட்பு நன்றாக இருக்கும்போது எழுதுவதே நல்லது.

பாரில் வாசித்த பிறருடைய பாடல்களை வெளியிட நினைத்தால் நிலைமை வேறு. பாரில் வாசித்ததற்கான கட்டணம் பாரின் பொறுப்பு, பாடலாசிரியர்களுக்காகக் கட்டணம் வசூலிக்கும் ஆஸ்காப், பிஎம்ஐ போன்ற அமைப்புகளுக்கு அவர்கள் செலுத்துவார்கள். அந்தக் கட்டணம் நீங்கள் பதிவை வெளியிடுவதற்குச் செல்லாது. பிரதியெடுக்கத் தனி உரிமம் வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு மேற்படாத பாடலுக்குப் பிரதி ஒன்றுக்குச் சட்டப்படியான கட்டணம் 2006 முதல் 2022 வரை 9.1 சென்ட், 2023இல் 12 சென்ட், அதன் பிறகு விலைவாசிக்கேற்ப ஏறி வருகிறது. (இங்கே சென்ட் என்பது காசு, உங்கள் தந்தியின் சென்ட் அல்ல.) ஐம்பது குறுந்தட்டு எடுத்து நண்பர்களுக்குக் கொடுப்பதென்றால் பெரிய தொகை ஆகாது. யூடியூபில் படத்தோடு சேர்த்துப் போடுவதற்கு இந்த உரிமம் போதாது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள்.


பதில்: வால்யூம்பெடல் (நாஷ்வில்)

என் கட்சியை மாற்றிக்கொள்கிறேன் ஐயா. 34 சென்ட் என்பது கணினியில் அந்த வரிகளை மட்டும் இறக்கினால் தீர்ந்துபோகும். மறுபடி வாசிக்கவே தேவையில்லை. இறக்குவதும் உங்கள் விருப்பம். அந்த இரண்டு வரிகளை இனி நான் கேட்டால் பிசகு என்று சொல்ல வாய் வராது.


பத்துத்தந்தி

மகளிடம் பேசிவிட்டேன். கேசட்டை எடுத்துக்கொண்டு நால்வரும் போனோம். டிரம்மர்தான் குமிழ்க் கதையைச் சொன்னார். மகள் முழுப் பாடலையும் ஒருமுறை கேட்டுவிட்டு, அப்படியானால் அப்பாவின் குரல் உண்மையில் இதைவிட இறங்கித்தானே இருந்திருக்கும் என்று கேட்டார். எங்களுக்கு அது தோன்றவே இல்லை. குரல் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு, உறுமல் 60இல் வந்து நிற்கும் வரை வேகத்தைக் குறைத்து ஓட்டினோம். மூச்சு எடுக்கும் இடங்கள் சற்று நீண்டன, கடைசிச் சரணத்தின் உச்சியில் தொண்டை கரகரப்பது தெளிவாகக் கேட்டது. பிடில்காரர் இம்முறை தரையைப் பார்க்கவில்லை.

பழைய நான்கு தடங்களையும் யாரும் தொடாமல் அப்படியே வைப்பது என்று முடிவாகியிருக்கிறது. என் இரண்டு வரிகள் உட்பட. அது தவிர, அந்தக் குரலை மட்டும் அதன் சொந்த வேகத்தில் வைத்து, கூடவே நான் ஸ்டீல் மட்டும் வாசித்து ஒரு பதிவு வேண்டும் என்று அவர் கேட்டிருக்கிறார். பாடல் அவருடைய அப்பா பாடிய இடத்தில்தான் இருக்க வேண்டுமாம்; அதாவது ட்யூனர் காட்டும் ஈ-க்கு 34 சென்ட் கீழே. நாளைக் காலை பத்துத் தந்திகளையும், மூன்று பெடல்களையும் முழங்கால் லிவர்களையும் அந்த அளவுக்கு இறக்கிக் கூட்ட வேண்டும். டிரம்மர் கராஜில் வெயில் ஏறுவதற்கு முன் ஏழு மணிக்கே வரச் சொல்லியிருக்கிறார்.